புதுக்கோஸா, புளிக்கோஸா? வீட்டில் கறி போட்ட கோஸ் சூப்பு வைக்க எது தோது

கோஸும் கறியும் ஒரே பானையில் கொதிக்கும் சூப்பு ரஷ்யாவிலும் போலந்திலும் விருந்துச் சாப்பாடு கிடையாது. வீட்டில் அடிக்கடி வைப்பது. ‘ஷ்சியும் கஷாவும் நம்ம சாப்பாடு’ என்று ரஷ்யாவில் சொலவடையே உண்டு. ஷ்சி என்றால் கோஸ் சூப்பு, கஷா என்றால் குழைய வேகவைத்த தானியம். அதை நாமும் வைத்துப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்களுக்கு முதல் தொல்லை, எதை வைப்பது என்பதுதான். ஒரு செய்முறை மாட்டுக்கறி கேட்கும், இன்னொன்று புகைபோட்ட பன்றி விலா கேட்கும். ஒன்றில் தக்காளி உண்டு, இன்னொன்றில் கேரட்டே ஆகாது. ஒன்று அன்றைக்கே சாப்பிடலாம் என்கிறது, இன்னொன்று மறுநாள் வரை தொடாதே என்கிறது. இப்படி நான்கு செய்முறையைப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் போட்டால் பானை நிறையும், ருசி எங்கேயும் நிற்காது.

என் கணக்கில் முதலில் தீர்மானிக்க வேண்டியது புளிப்பு. கோஸ் சூப்புக்குப் புளிப்பு இல்லாமல் முடியாது. அது எங்கிருந்து வரப்போகிறது, எவ்வளவு வரப்போகிறது என்று முடிவு செய்துவிட்டால், எந்தக் கறி, எவ்வளவு கொழுப்பு, எத்தனை மணி நேரம், உருளைக்கிழங்கு எப்போது என்பதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டில் என்ன கறி இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சரிக்கட்டப் பார்க்கிறார்கள்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ரஷ்யாவின் புதுக்கோஸ் ஷ்சி, அதே நாட்டின் புளிக்கோஸ் ஷ்சி, போலந்தின் கபூஷ்னியாக், போலந்தின் தெற்கே மலைப்பகுதியான போத்ஹாலேயில் வைக்கும் க்வஷ்னித்ஸா. கோஸ் சூப்பு இந்த இரண்டு நாட்டோடு நிற்பதில்லை. ஸ்லோவாக்கியாவில் கிறிஸ்துமஸுக்கு உலர்ந்த காளானும் தொத்திறைச்சியும் போட்டு ஒன்று வைக்கிறார்கள். ஹங்கேரியில் முந்தின இரவு அதிகம் குடித்தவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. அவற்றையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். முதல்முறை வைக்கிறவருக்கு இந்த நான்கே அதிகம்.

புதுக்கோஸ் ஷ்சி நான்கிலும் சாது. எலும்போடு மாட்டுக்கறியை மெல்லக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, அதில் கேரட், வெங்காயம், பார்ஸ்லி வேர், நறுக்கிய புதுக்கோஸ், கடைசியில் தக்காளி. முட்டைகோஸுக்கு இனிப்பு உண்டு, கேரட்டுக்கும் உண்டு. ஆகவே தக்காளியின் புளிப்பும் தட்டில் போடும் ஸ்மெதானா என்ற புளித்த பாலேட்டின் புளிப்பும் சேர்ந்துதான் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ரஷ்யாவில் சிலர் இதற்குப் புளிப்பான ஆப்பிள் போடுவார்கள். அந்தோனவ்கா என்ற நாட்டு ரகம் அதற்குப் பேர்போனது. நம் கடையில் கிடைக்கும் இனிப்பு ஆப்பிள் அந்த வேலைக்கு ஆகாது. இரண்டு நாட்டுத்தக்காளி போதும். புளி கரைத்து ஊற்ற வேண்டாம். நல்ல குழம்பு கிடைக்கும், ஷ்சி கிடைக்காது.

புளிக்கோஸ் ஷ்சி வேறு சங்கதி. உப்புப் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த கோஸை எண்ணெயிலோ வெண்ணெயிலோ தனியாக வதக்கி, கொஞ்சம் சாறு ஊற்றி, மூடி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் புழுங்கவிட்டு, அதன் பிறகே கறிச்சாற்றில் சேர்ப்பார்கள். பழைய ரஷ்ய வீடுகளில் இது பெரிய செங்கல் அடுப்பின் வேலை. காலையில் விறகு எரிந்து முடிந்து, தீ அணைந்தபின் அடுப்பு மெல்ல மெல்லச் சூடு இறங்கும். அந்தச் சூட்டுக்குள் வார்ப்பிரும்புப் பானையைத் தள்ளிவிட்டு மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கொதிக்கவே கொதிக்காது, ஆறவும் ஆறாது. அப்படி வைத்ததை ஒரு ராத்திரி குளிரில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவதற்கு ‘ஒரு நாள் ஷ்சி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. குளிர்காலத்தில் நெடும்பயணம் போகிறவர்கள் ஷ்சியை உறையவிட்டு எடுத்துப்போய், வேண்டியபோது உடைத்து உருக்கிச் சாப்பிட்டதும் உண்டு. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று நாம் சொல்வது போலத்தான் இதுவும்.

உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா என்று ஷ்சிக்காரர்களிடையே ஒரு சண்டை உண்டு. பழைய ஷ்சியில் கிழங்கு கிடையாது. ரஷ்யக் குடியானவர்களிடம் உருளைக்கிழங்கு நிலைத்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். 1840களில் அரசாங்கம் பயிரிடச் சொல்லி வற்புறுத்தியபோது ஊர் ஊராகக் கலவரமே நடந்தது. அதனால் புளிக்கோஸ் ஷ்சியில் கிழங்கு போட்டால் முகம் சுளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதுக்கோஸில் இரண்டு கிழங்கு நன்றாகவே சேரும்.

போலந்துக்காரர்களிடம் இந்தச் சண்டையே கிடையாது. கபூஷ்னியாக்கில் உருளைக்கிழங்கு கட்டாயம். புளிக்கோஸ், கேரட், புகைபோட்ட பன்றி விலா அல்லது தொத்திறைச்சி, மார்ஜோரம் என்ற மணத்தழை, மிளகு போலிருக்கும் ஆல்ஸ்பைஸ், பே இலை என்ற அவர்கள் ஊர்ப் பிரிஞ்சி இலை, கூடவே காரவே என்ற விதை. காரவே பார்க்கச் சீரகம் மாதிரியே இருக்கும். ஆனால் சீரகத்தைப் போட்டால் சூப்பு ரசத்தின் பக்கம் சாய்ந்துவிடும். காரவே கிடைக்காவிட்டால் சும்மா விடுவதே மேல். இதன் உயிர் புகைவாசம். புகைபோட்ட கறி இல்லாமல் வைத்த கபூஷ்னியாக், சுவையான ஒரு புளிச்சாறு, அவ்வளவுதான்.

க்வஷ்னித்ஸாவில் கோஸையும் கிழங்கையும் தவிர காய் என்று எதுவும் கிடையாது. புளிக்கோஸ், அதன் ஊறல் தண்ணீர், கறி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் பூண்டு. கேரட் போட்டால் அது கபூஷ்னியாக் ஆகிவிடும் என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். இருப்பதிலேயே புளிப்பு அதிகம் இதில்தான். கோஸைப் பிழிந்து ஊறல் தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதிலாக, அதையும் சேர்த்தே பானைக்குள் விடுகிறார்கள். இன்று கடைகளில் பன்றி விலாவில் வைத்தாலும், மலையில் பழைய வழக்கம் ஆட்டுக்கறி. போத்ஹாலே செம்மறி மேய்க்கிற ஊர். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாடும் பன்றியும் நுழையாத வீடுகள் நம்மிடம் ஏராளம். அவர்கள் ஷ்சியை எடுத்து மாட்டுக்கு மாற்றாக ஆடு, கபூஷ்னியாக்கை எடுத்துப் பன்றிக்கு மாற்றாகக் கோழி என்று ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டுக்கறிக்கென்றே பிறந்த கோஸ் சூப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

அதிலும் ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் வெள்ளாட்டுக்குத்தான் மவுசு. செம்மறி என்றால் கொழுப்பு, வாடை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. க்வஷ்னித்ஸாவுக்கு வேண்டியது அந்தக் கொழுப்புதான். வெள்ளாட்டில் வைத்தால் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் சூப்பு வெட்டவெளியாக இருக்கும். செம்மறியில் வைத்தால் புளிப்பு கொழுப்பை அறுக்கும், கொழுப்பு புளிப்பை வழவழப்பாக்கும். கடையில் சொல்லும்போதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “பாய், செம்மறியில நெஞ்செலும்பு முக்கால் கிலோ. கொழுப்ப எடுக்காதீங்க, துண்டு பெருசாவே போடுங்க” என்றால்தான், வழக்கமான குழம்புத் துண்டாக நறுக்கிக் கட்டாமல் இருப்பார்கள். “சூப்புக்கா? கால் வாங்கிட்டுப் போங்களேன்” என்பார். கால் வேண்டாம். ஆட்டுக்காலில் பசை உண்டு, கறி இல்லை. இது கறியைக் கடித்துத் தின்கிற சூப்பு.

புளிக்கோஸ் கிடைக்கிறதா என்பதைப் பார்க்காமல் இந்த நான்கில் மூன்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. போலந்துக் கடை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அங்கே பிளாஸ்டிக் டப்பாவிலும் பையிலும் மலிவாகக் கிடைக்கும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ‘சவர்க்ராவுட்’ என்ற லேபிளோடு இறக்குமதிப் பாட்டில் வரும். விலை, உள்ளே இருக்கும் கோஸின் விலையைப் போலப் பல மடங்கு. வாங்குவதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் கோஸும் உப்பும் இருந்தால் போதும். ஒயின் சேர்த்த ஜெர்மன் வகையும் பரவாயில்லை. வினிகர் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். அது ஊறுகாய், புளித்த கோஸ் கிடையாது. வினிகரின் காரம் கொதியில் மூக்கில் ஏறும், கோஸுக்குள் ருசி இறங்காது.

வீட்டில் புளிக்கவைப்பது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் நம் வெயில் அதற்கு எதிரி. ஒரு கிலோ கோஸை மெல்லிசாக நறுக்கி, 20 முதல் 25 கிராம் கல்லுப்பைப் போட்டு, கையால் அழுத்திப் பிசைய வேண்டும். பத்து நிமிடத்தில் கோஸ் தொங்கித் தண்ணீர் விடும். ஜாடியில் திணித்து, அந்தத் தண்ணீருக்குள்ளேயே கோஸ் மூழ்கியிருக்கும்படி மேலே ஒரு கனம் வைத்தால் மீதி வேலையைக் கிருமிகள் பார்த்துக்கொள்ளும். ரஷ்யர்கள் இதில் கேரட் துருவிப் போடுவார்கள், சிலர் கிரான்பெர்ரியும். தினமும் ஒரு குச்சியால் அடிவரை குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். இதற்கு ஏற்ற சூடு 18 டிகிரி செல்சியஸ் அளவு. மூன்று நான்கு வாரம் ஆகும். முதலில் ஒரு வகைக் கிருமி மெல்லப் புளிப்பையும் வாசத்தையும் காற்றையும் உண்டாக்கும். புளிப்பு ஏறியதும் அதைத் தாங்குகிற இன்னொரு வகை மேலோங்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் முதல் வகைக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஒரு வாரத்திலேயே புளித்துவிடும். ஆனால் வெறும் புளிப்பு. கோஸும் தொளதொளவென்று ஆகிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோஸும் அங்கேயே விளைகிறது, குளிரும் அங்கேயே இருக்கிறது. சமவெளியில் இருக்கிறவர்களுக்கு என் யோசனை இது: உப்பை 25 கிராமுக்குக் குறைக்காமல் போடுங்கள். வீட்டின் குளிர்ச்சியான மூலையில் இரண்டு மூன்று நாள், நுரை கட்டி லேசாகப் புளிப்பு வாசம் வரும்வரை வையுங்கள். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு வாரம் மறந்துவிடுங்கள். மார்கழி, தையில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் வழித்து எறியலாம். கருப்போ பச்சையோ பஞ்சுபோலப் பூத்தால் ஜாடியோடு கொட்டிவிடுவதுதான் சரி.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று தோன்றினால் புதுக்கோஸ் பக்கம் போய்விடலாம். அதில் தோற்றுப்போனதாக ஒன்றுமில்லை. ரஷ்யாவிலும் கோடையில் அதுதான் வைக்கிறார்கள்.

கறிக்கு வருவோம். புதுக்கோஸ் ஷ்சிக்கு மாட்டின் நெஞ்சுப்பகுதியும் முன்கால் எலும்புத் துண்டும் கலந்து ஒரு கிலோ என்றால், தண்ணீர் இரண்டரை முதல் மூன்று லிட்டர். தொடைப்பகுதியில் எலும்பில்லாத கறி வாங்கினால் சாறும் தண்ணியாக இருக்கும், கறியும் நார்நாராகப் போகும். கெட்டித்தன்மை வருவது எலும்பை ஒட்டிய சவ்விலும் நரம்பிலும் இருந்துதான். அது கரைந்து சாற்றில் இறங்க நேரம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எருமை, இல்லையென்றால் வயதான மாடு. மேலைநாட்டுச் செய்முறையில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்கோஸ் ஷ்சிக்கும் இதே கறிதான், கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

பன்றி சாப்பிடுகிறவர்களுக்குக் கபூஷ்னியாக்கின் முன் நிற்கும் தடை புகை. கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளில் புகைபோட்ட பேக்கனும் தொத்திறைச்சியும் கிடைக்கும், விலா அரிதாகத்தான் வரும். அப்படியானால் சாதாரண விலா அரை கிலோ வாங்கிச் சாற்றுக்கு வைத்துக்கொண்டு, வாசத்துக்குப் பேக்கன் நூறு கிராமை வறுத்து, அதன் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கிச் சேர்க்கலாம். அசலில் முக்கால்வாசி வந்துவிடும். சிவப்புச் சாயம் ஏற்றிய காக்டெயில் சாசேஜைப் போட வேண்டாம்.

கோழியில் வைக்கலாமா என்றால் வைக்கலாம். ரஷ்யாவிலும் வைக்கிறார்கள். பிராய்லரில் சாறு இறங்காது. நாட்டுக்கோழி என்றால் புதுக்கோஸோடு மட்டும். புளிக்கோஸ் அதை அமுக்கிவிடும்.

கறியே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. பழைய திருச்சபை வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் ரஷ்யர்களுக்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் நோன்பு. அந்த நாள்களில் உலர்ந்த காட்டுக்காளானை ஊறவைத்த தண்ணீரே கறிச்சாற்றின் வேலையைச் செய்யும். புளிக்கோஸும் காளானும் சேர்ந்த அந்த ஷ்சி, மட்டமான கறியில் வைத்த ஷ்சியைவிட நன்றாகவே இருக்கும்.

அடுப்பா, குக்கரா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கறிச்சாறு வரைக்கும் குக்கர் போதும். முதலில் கறியைப் பச்சைத்தண்ணீரில் போட்டுத் திறந்தே சூடாக்கி, சாம்பல் நிறத்தில் மிதந்து வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு மூடினால் நுரை முழுவதும் சாற்றுக்குள் கலங்கிப் போய்விடும். நுரை நின்றதும் மூடி, வெயிட் போட்டு, முதல் சத்தம் வந்தபின் சிம்மில் ஆட்டுக்கறிக்கு 20-25 நிமிடம், மாட்டுக்கு 40-45 நிமிடம். கேஸ் மிச்சம், நேரமும் மிச்சம். சாறு, திறந்த பானையில் வைத்த அளவு தெளிவாக இருக்காது. கோஸ் போட்டபின் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

கோஸைக் குக்கரில் போடுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதுக்கோஸ் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும் பொருள். அதிகம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். ஹாஸ்டல் கூட்டு நினைவுக்கு வந்தால் காரணம் அதுதான். புளிக்கோஸுக்கு நீண்ட நேரம் வேண்டும், ஆனால் மெல்லிய சூட்டில் வேண்டும். இன்னொன்று, அலுமினியக் குக்கரும் புளிப்பும் ஒத்துவராது. எவர்சில்வர் பாத்திரமோ, வீட்டில் பழகின மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் அடுப்பின் வேலைக்கு நம்மிடம் உள்ளதில் கிட்டத்தில் வருவது மண்சட்டிதான். சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தபின்னும் மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்கும்.

வரிசை தப்பினால் கெட்டுப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு புளிப்பில் வேகாது. புளிக்கோஸைப் போட்ட பிறகு கிழங்கைப் போட்டால் ஒரு மணி நேரம் கொதித்தும் நடுவில் நறுக்கென்று கடிபடும். முதலில் கிழங்கைச் சாற்றில் முக்கால் பதம் வேகவிட்டு, பிறகு கோஸ். தக்காளிக்கும் இதே விதிதான். புதுக்கோஸ் ஷ்சியில் கிழங்கும் கோஸும் வெந்தபின் வதக்கிய தக்காளியைச் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

உப்பும் அப்படித்தான். அரை கிலோ புளிக்கோஸ் போட்டால் ஏறக்குறைய 10 கிராம் உப்பும் கூடவே போகிறது. அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு. புகைபோட்ட கறி என்றால் இன்னும் சேரும். ஆகவே புளிக்கோஸ் சூப்பில் கடைசிவரை உப்பைத் தொடாமல் இருந்து, இறக்குமுன் ருசி பார்த்து முடிவு செய்யலாம். புளிப்பு மிஞ்சிவிட்டால் சர்க்கரையைத் தேடாதீர்கள். வெண்ணெயில் ஒரு கரண்டி மைதாவை மணம் வர வறுத்துக் கரைத்து ஊற்றினால் சூப்பும் கெட்டிப்படும், புளிப்பும் அடங்கும். பழைய ஷ்சியில் மாவு போடுவது வழக்கம்தான்.

பிரிஞ்சி இலை என்று நாம் பிரியாணிக்குப் போடுவது வேறு மரம், அவர்கள் போடும் பே இலை வேறு மரம். நம்முடையதில் நீளவாட்டில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் வரும். அவர்களுடையதில் நடுநரம்பு ஒன்றுதான், வாசம் கற்பூரத்தின் பக்கம் போகும். நம் இலையை இரண்டு மூன்றாகப் போட்டுவிட்டால் கோஸ் சூப்பில் பிரியாணி மணக்கும். ஒன்று போதும், அதையும் பாதியில் எடுத்துவிடுங்கள். டில் தழைக்குச் சதகுப்பைக் கீரை. பெங்களூரில் எளிதாகக் கிடைக்கும், சென்னையில் தேட வேண்டும். கொத்தமல்லியை மாற்றாகப் போடத் தோன்றும். வேண்டாம், வெறும் மிளகும் பச்சைப் பூண்டும் போதும்.

ஸ்மெதானாவுக்கு வீட்டுத்தயிர் நேர் மாற்று கிடையாது. ஸ்மெதானாவில் கொழுப்பு 20 சதவீத அளவு இருக்கும், அதனால் சூட்டில் எளிதில் திரியாது. தயிரில் அவ்வளவு கிடையாது. கொதிக்கிற புளிச்சாற்றில் விட்டால் திப்பிதிப்பியாகிவிடும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வந்த கெட்டியோடு கடையில் விற்கும் ஃபிரெஷ் கிரீமைச் சம அளவு கலந்து, கிண்ணத்தில் பரிமாறியபின் மேலே ஒரு கரண்டி வைத்தால் சரியாக இருக்கும். ஷ்சிக்கு இது வேண்டும். போலந்துச் சூப்பு இரண்டுக்கும் தேவையில்லை.

முதல்முறை வைக்கிறவர் என்னிடம் கேட்டால் புதுக்கோஸ் ஷ்சியைத்தான் சொல்வேன். மாடு சாப்பிடுகிற வீடு என்றால் மாடு. இல்லையென்றால் வெள்ளாட்டு நெஞ்செலும்பு. புதுக்கோஸின் இனிப்புக்கு வெள்ளாடே ஒத்துப்போகும், செம்மறிக்கொழுப்பு இங்கே தூக்கலாகத் தெரியும். ஒரு கிலோ கறிக்குச் சின்னக் கோஸ் ஒன்று, அதாவது அறுநூறு எழுநூறு கிராம், கேரட் இரண்டு, வெங்காயம் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, தக்காளி இரண்டு. மழைக்கால கோஸ் தண்ணீர் விட்டுத் தளர்ந்திருக்கும். கையில் எடுத்தால் கல்மாதிரி கனக்கிற, வெளியிலை ஒட்டிக்கொண்டிருக்கிற கோஸாகப் பாருங்கள். அரை அங்குல அகலத்தில் நறுக்கினால் போதும். பொரியலுக்கு நறுக்குவது போலப் பொடியாக நறுக்கினால் காணாமல் போய்விடும். பார்ஸ்லி வேருக்காக அலைய வேண்டியதில்லை. செலரித் தண்டு கிடைத்தால் ஒன்று போடுங்கள். கறியைத் தனியாக எடுத்துச் சதையைப் பிய்த்துக் கடைசியில் திருப்பிப் போட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு எலும்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் இதுதான் தோது.

புளிக்கோஸ் கையில் இருக்கிறது, பன்றி சாப்பிடுவோம், சாயங்காலத்துக்குள் ஆக வேண்டும் என்றால் கபூஷ்னியாக். புகைக்கறி பாதி வேலையைச் செய்துவிடுவதால் சாற்றுக்குத் தனியாக நேரம் போகாது, ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடலாம். கோஸை லேசாகப் பிழிந்து போடுங்கள். மிகப் புளிப்பாக இருந்தால் ஒருமுறை அலசலாம், இரண்டு முறை அலசினால் மிஞ்சுவது சக்கை.

க்வஷ்னித்ஸா, புளிப்புக்கு அஞ்சாதவர்களுக்கு. தூக்குப்புளிப்பில் மோர்க்குழம்பு கேட்கிறவர்கள் வீட்டில் இருந்தால் தைரியமாக வைக்கலாம். இங்கே மட்டும் கடைப்பாட்டிலை நம்ப வேண்டாம். அந்த ஊறல் தண்ணீர்தான் சூப்பு என்பதால் வீட்டில் புளித்ததாகவோ, போலந்துக் கடையில் வாங்கியதாகவோ இருந்தால்தான் ருசி நிற்கும். கிழங்கைச் சூப்பில் போடாமல் தனியாக வேகவைத்துப் பக்கத்தில் வைக்கிற வழக்கமும் அங்கே உண்டு. எனக்கு அதுவே பிடிக்கும். கிழங்கு வேகாத தொல்லையும் போச்சு.

நான்கில் எனக்கு மேலானது புளிக்கோஸ் ஷ்சிதான். ஆனால் அதை அவசரத்துக்கு வைக்க முடியாது. சனிக்கிழமை மாலை வைத்து ஞாயிறு மதியம் சாப்பிடுகிற ஏற்பாடு இருந்தால் மட்டும் இறங்குங்கள். குளிர்நாட்டு வழக்கம் என்று ராத்திரி முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிட நம் ஊர் இடம் கொடுக்காது. சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். காலையில் மேலே கொழுப்பு கெட்டியாகப் படிந்திருக்கும். முழுவதையும் எடுத்துப் போடாமல் பாதியை விட்டுவையுங்கள். சிம்மில் சூடாக்கி, இறக்கும்போது பூண்டு இரண்டு பல்லை உப்போடு நசுக்கிப் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துப் பரிமாறலாம். தொட்டுக்கொள்ளக் கறுப்பு ரொட்டி, கிடைக்காவிட்டால் கோதுமை ரொட்டியை மொறுமொறுவென்று வாட்டியது. சோற்றில் ஊற்றிப் பிசைவதும் நடக்கிறது, யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அதற்குச் செம்மறிக் குழம்பே வைத்திருக்கலாம்.